பட்டன் எவ்வளவு வளரும்

அந்த நாற்காலியில் தாராளமாக உட்காருங்கள், முடி ஒட்டாது. பூடில் கலப்பு நாய்களுக்கு முடி உதிராது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. உண்மையில் பாதி நாய்களுக்கு உதிரத்தான் செய்கிறது. காலையில் நான் பெருக்கி வைத்தேன், அவ்வளவுதான். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து யாராவது வருவீர்கள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

உங்களோடு வந்த பெண் கூண்டுகளை வண்டியில் ஏற்றி முடிக்க நேரமாகும். அதுவரை பேசலாம். காபி இருக்கிறது, பால் இல்லை. முன்வரிசையில் இருக்கிற பழுப்புத் தாய்நாயைக் கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு அங்கே வலி உண்டு. பின்பக்கக் கொட்டகைக்குச் சாவி கதவுக்கு மேலேயே தொங்குகிறது. பூட்டை உடைக்கத் தேவையில்லை.

ஒலிப்பதிவு ஓடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பெயர் வெல்டா ஸ்ட்ரிக்லண்ட். மிசௌரியில், இதே மேட்டு வீட்டில், டூடில் என்று சொல்கிற சின்ன ஜாதிப் பூடில் கலப்பு நாய்களை வளர்த்து விற்கிறேன். வக்கீல் வேண்டுமா என்று வாசலில் கேட்டீர்கள். வேண்டாம். களைப்பாக இருக்கிறது. இன்னொரு ஆளுக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை.

என்னிடம் குட்டி வாங்க வந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். பல் மருத்துவர், டீச்சர், லாரி ஓட்டுகிறவர், புதிதாகக் கல்யாணமானவர்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். குட்டியைத் தூக்கிக் கழுத்தோடு அணைத்துக்கொள்வார்கள், அது காதை நக்கும், கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள்: "இது எவ்ளோ பெருசா வளரும்?"

இடுப்பெலும்பு சரியாக இருக்கிறதா, தாய்க்கு ஏதாவது நோய் உண்டா என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. அந்த நேரத்தில் குட்டியின்மேல் ஆசை வந்துவிட்டிருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி தருகிற ஒரு பதில் வேண்டும், அதைத்தான் கேட்கிறார்கள்.

சரியான பதில், தெரியாது என்பதுதான். தாயின் எடையையும் தகப்பன் எடையையும் கூட்டிப் பாதியாக்கினால் குட்டியின் எடை என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வோம். கலப்புக் குட்டி அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. பாட்டன் பூடில் உயரமாக இருந்திருந்தால் பேரனிடம் வந்து தலைகாட்டும். ஒரே ஈற்றில் ஒன்று தலையணை அளவில் நின்றுவிடும், அதன் கூடப்பிறந்தது சாப்பாட்டு மேசைமேல் மூக்கை வைக்கும். நாலு மாதமானால் ஓரளவு கணிக்கலாம். ஆனால் எட்டாவது வாரமே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எட்டு வாரத்தில் எல்லாக் குட்டியும் இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான்.

ஆரம்பத்தில் நானும் உள்ளதைச் சொன்னேன். "நிச்சயமா சொல்ல முடியாதுங்க" என்பேன். அவர்கள் குட்டியைக் கீழே இறக்கி விட்டுவிட்டு, நெடுஞ்சாலையில் அடுத்து இருக்கிற பண்ணைக்குப் போய்விடுவார்கள். அங்கே நிச்சயமாகச் சொல்வார்கள். அதனால் நானும் நிச்சயமாகச் சொல்லத் தொடங்கினேன். இருபத்தைந்து பவுண்டைத் தாண்டாது, தாண்டினால் நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யாரும் திருப்பிக் கொண்டுவரவில்லை. நாய் பெரிதாவதற்குள் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துப் படுக்கையில் போட்டுத் தூங்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஆனால் ஒருத்தி இணையத்தில் எழுதினாள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நாயை நிறுத்திப் படம் பிடித்து, இதுதான் எனக்கு மடியில் வைத்துக்கொள்ள விற்கப்பட்ட நாய் என்று போட்டாள். அந்தப் பருவம் முழுக்க என் தொலைபேசி அடிக்கவில்லை. விற்காத குட்டிகள் கூண்டில் வளர்ந்துகொண்டே இருந்தன. காலையில் கதவைத் திறந்தால் முந்தின நாளைவிட நீளமாகத் தெரியும். குட்டிகள் வளர்வதைப் பார்த்துப் பயப்படுவது எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

அப்போதுதான் கன்சாஸ் சிட்டியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். என்னிடம் வாங்கின நாய்க்கு எடை ஏறுகிறது, என்ன செய்வது என்றாள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வளர்ந்து முடிகிறவரை தீனியைக் குறையுங்கள், இந்த வகைக்கு வயிறு மென்மையானது, அதிகம் தாங்காது என்று சொன்னேன். நாய் சின்னதாகவே நின்றுவிட்டது. கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினாள். அது இயல்பாகவே சின்ன நாயாக இருந்திருக்கலாம். நான் அதை அப்படி யோசிக்கவில்லை. ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அதன்பிறகு கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.

இப்போது ஆர்லிஸ் பெட்டிக்ரூவைப் பற்றிக் கேட்கப்போகிறீர்கள். சொல்கிறேன்.

அவர் குட்டி வாங்க வந்த வருடம் என்னுடைய சின்ன பூடில் ஆணுக்கு வயதாகி இருமல் வந்துவிட்டது. பக்கத்துப் பண்ணையில் ஒரு கறுப்பு ஆண் பூடில் இருந்தது. உயர ஜாதி. அதைத்தான் இரண்டு நாள் கொண்டுவந்து விட்டேன். என் தங்கை ட்வைலா கூண்டு கழுவ வருவாள். அவள் வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"அக்கா, இவன் நின்னா லாரி ஜன்னல்ல மூஞ்சி தெரியுது. இவன் பிள்ளைங்க எப்படிக்கா மடியில உக்காரும்?"

"தாயைக் கொண்டு பொறக்கும்டீ."

"ஆமாமா, நீ நம்ம அம்மாவைக் கொண்டு பொறந்த மாதிரி. அம்மா அலமாரிக் கைப்பிடி உசரம். நீ நடந்தா நிலப்படியில தல இடிக்குது."

நான் சிரித்தேன். ட்வைலா எப்போதும் அப்படித்தான், வேலையைவிட வாய் அதிகம். குட்டிகள் பிறந்தன. எல்லாம் பாதாம் நிறத்தில் அழகாக இருந்தன. தகப்பன் என்று என் சின்ன பூடிலின் படத்தைத்தான் காட்டினேன். படத்தில் அவன் இளமையாக இருந்தான்.

பெட்டிக்ரூ அந்தக் கோடையில் வந்தார். ஸ்ப்ரிங்ஃபீல்டில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சட்டையைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, மேல் பொத்தான் வரை மாட்டியிருந்தார். காதில் கருவி. அது அவ்வப்போது கீச்சென்று கத்தும், அவர் தலையைச் சாய்த்து அதைத் தட்டுவார். மனைவி இறந்தபிறகு வீட்டை விற்றுவிட்டு வயதானவர்களுக்கான குடியிருப்பு ஒன்றில் இருப்பதாகச் சொன்னார்.

"அங்க இருபத்தஞ்சு பவுண்டுக்கு மேல நாய் வெச்சுக்க விடமாட்டாங்கம்மா. மேனேஜர் அம்மா வருஷா வருஷம் எட போட்டுப் பாப்பாங்க. அதான் ஒங்களத் தேடி வந்தேன். ஒங்க நாய் வளராதுன்னு சொன்னாங்க."

"வளராதுங்க ஐயா."

ஒரு பெண் குட்டி அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் அதன் முன்னங்காலை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"பாதம் கொஞ்சம் பெருசா இருக்கே?"

"அது பாதம் இல்லைங்க, முடி. வெட்டினா சின்னதாயிடும்."

"அப்படியா," என்றார். நம்பிவிட்டார். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நம்ப வேண்டும் என்றுதான் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். "இன்னொரு வீடு தேடுற வயசு எனக்கு இல்லம்மா. நீங்க சொன்னா சரி. இவ பேரு பட்டன். சட்டப் பொத்தானத் திங்கிறா பாருங்க."

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், தேவாலயம் முடிந்து வந்ததும் கூப்பிடுவார். முதலில் சும்மா பேசத்தான். பட்டன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது, பட்டன் தொலைக்காட்சியில் வந்த குதிரையைப் பார்த்துக் குரைத்தது. நான் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நாய்களுக்கு நகம் வெட்டிக்கொண்டிருப்பேன். பேச ஆளில்லாத மனிதர். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இலையுதிர் காலம் வந்தபோது அவர் குரல் மாறிவிட்டது.

"எட ஏறுதும்மா. மேனேஜர் அம்மா நேத்து மாடிப்படியில பாத்துட்டு, என்ன பெட்டிக்ரூ, கன்னுக்குட்டி வளக்கிறீங்களான்னு கேக்குறாங்க."

"எவ்ளோ போடுறீங்க?"

"பையில எழுதியிருக்கிற அளவு."

"அது பெரிய நாய்க்குங்க. பாதி போடுங்க."

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். இன்னும் ஏறுகிறது என்றார். அதிலும் பாதி என்றேன். ஒரு நாளைக்கு அரைக் கப்.

"பசிக்குற மாதிரி இருக்கும்மா அவளுக்கு. தட்டையே நக்கிக்கிட்டு நிக்கிறா."

"அது பசி இல்லைங்க ஐயா. பழக்கம். போகப் போக விட்டுடும்."

யோசித்துத்தான் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். வாயில் தானாக வந்தது. மற்றவர்களிடம் சொல்லிப் பழகிய வார்த்தை.

ஒரு விஷயம் எனக்கு அப்போது தெரியும். தீனியைக் குறைத்தால் எடைதான் நிற்கும், உயரம் நிற்காது. எலும்பு தன் பாட்டுக்கு நீளும். கால்கள் நீண்டு, உடம்பு மெலிந்து, முதுகு வளையும். அவரும் அதைச் சொன்னார். "கால் மட்டும் போய்க்கிட்டே இருக்கும்மா. கொக்கு மாதிரி நிக்கிறா" என்றார். நல்ல வேளையாக அந்த நாய்களுக்குச் சுருட்டை முடி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பந்து மாதிரிதான் தெரியும்.

குளிர் தொடங்கிய சமயம் அவர் ஒரு வேடிக்கை சொன்னார்.

"நான் சாப்பிடுறப்ப அவ எதுக்க உக்காந்து பாக்குறா. ஒரு சத்தம் கிடையாது, சும்மா பாக்குறா. எனக்குத் தொண்டையில எறங்கல. இப்போ தட்டத் தூக்கிக்கிட்டு பாத்ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டுத் திங்கிறேன். லியோட்டா இருந்தா என்ன சொல்லுவா. பேருந்து நெறயப் பிள்ளைங்கள வெரட்டினவன், ஒரு நாய்க்குப் பயந்து கக்கூஸ்ல ஒளிஞ்சு திங்கிறேன்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். லியோட்டா அவர் மனைவி. ட்வைலா அப்போது தண்ணீர்க் குழாயோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. குழாயை மூடிவிட்டு வெளியே போய்விட்டாள்.

பிறகு காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். "அவளுக்கு இல்லாதப்ப எனக்கு மட்டும் எதுக்கும்மா" என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன். அக்கறையாகத்தான் சொன்னேன்.

எடை போட்ட நாளில் மத்தியானமே கூப்பிட்டார். "இருபத்திநாலும்மா. இருபத்திநாலுதான். தப்பிச்சோம். ஒங்களாலதான்." அந்த மாதிரி ஒருவர் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. அன்று முழுக்க எனக்கு முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

பண்டிகைக்காகப் பட்டனுக்கு முடி வெட்ட, நாய்களுக்கான சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். சலூன்காரப் பெண் முதுகில் இயந்திரத்தை வைத்து ஒரு கோடு இழுத்திருக்கிறாள். அப்படியே நிறுத்திவிட்டாளாம். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்ததாம். அவர் முன்னறையில் புது நாடாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், முடி வெட்டியபிறகு கழுத்தில் கட்டுவதற்கு. அவள் பின்கதவு வழியாகப் போய்க் காவல்துறையைக் கூப்பிட்டுவிட்டாள்.

அவர் என் பெயரைச் சொன்னார். அந்தம்மா சொன்ன அளவுதான் போட்டேன் என்றார். அவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். நான் தீனி கலந்துகொண்டிருந்தேன், கை ஈரமாக இருந்தது. துடைத்துக்கொண்டு எடுத்தேன். என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள்.

"ஒன்றரைக் கப்னு சொன்னேங்க," என்றேன். "பாவம், அவருக்குக் காது கேக்காது. அரைன்னு காதுல விழுந்திருக்கும்."

அவர்களுக்கு அது உடனே பொருந்திவிட்டது. எழுத்தில் எதுவும் இல்லை. ஒரு பக்கம் இத்தனை வருடம் நாய் வளர்க்கிற பெண். இன்னொரு பக்கம் காதில் கீச்சென்று கத்துகிற கருவியோடு ஒரு கிழவர். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் நம்பியிருப்பீர்கள்.

விசாரணைக்கு என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். நீல உடை போட்டுக்கொண்டு போனேன். அவர் அதே இஸ்திரிச் சட்டையில் வந்திருந்தார், கழுத்துப் பட்டிக்குள் கழுத்து தனியாக நின்றது. நான் ஒன்றரைக் கப் என்று சொன்னேன். நீதிபதி அவரைப் பார்த்து, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். அவர் சண்டை போடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காதுக் கருவியைத் தொட்டார்.

"அந்தம்மா பொய் சொல்றவங்க இல்லிங்க," என்றார். "வாரா வாரம் பொறுமையா பேசினவங்க. ஒன்றரைன்னுதான் சொல்லியிருப்பாங்க. எனக்குத்தான் ஒண்ணு விழாமப் போயிருக்கு. பசிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் போடாம இருந்தேன். அது என் தப்புதான்."

வெளியே வராந்தாவில் என்னிடம் வந்தார். "மன்னிச்சிருங்கம்மா, ஒங்க பேர வேற இழுத்துட்டேன்" என்றார்.

"பரவாயில்லைங்க ஐயா," என்றேன்.

வயதைப் பார்த்துச் சிறைக்கு அனுப்பவில்லை. இனி எந்தப் பிராணியும் வளர்க்கக் கூடாது என்று தீர்ப்பு. பத்திரிகையில் அவர் படம் வந்தது. குடியிருப்பில் யாரும் அவரோடு லிஃப்டில் ஏறவில்லையாம். அவர் கதவில் ஒரு காலி நாய்த்தீனிப் பையை யாரோ ஒட்டிவிட்டுப் போனார்களாம். அதை நான் செய்யவில்லை. மனிதர்கள் அப்படி.

பட்டனை நான் எடுத்துக்கொண்டேன். திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று விற்கும்போதே சொல்லியிருந்தேனே, வாக்கு வாக்குதான். கம்பளியில் சுற்றி நான் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் அதே பத்திரிகையில் வந்தது. அந்த வாரமெல்லாம் தொலைபேசி ஓயவில்லை. இப்படி நல்ல மனசுக்காரியிடம்தான் வாங்க வேண்டும் என்று டெக்சாஸிலிருந்தெல்லாம் கூப்பிட்டார்கள்.

நான் அவளுக்கு நன்றாகத்தான் போட்டேன். கல்நெஞ்சுக்காரி இல்லை. முட்டை, கோழி ஈரல், வேகவைத்த சோறு. அவள் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்து ட்வைலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வசந்த காலத்துக்குள் சதை பிடித்தது, முடி மின்னியது. வேலியோரம் நின்றால் என் இடுப்புக்கு வந்தது அவள் தலை. நல்ல லட்சணமான நாய்.

ஒரு சனிக்கிழமை ஒரு குடும்பம் குட்டி பார்க்க வந்தது. அந்த அம்மாள் வேலிப்பக்கம் பார்த்து, "அது என்ன ஜாதிங்க? ஓநாய் மாதிரி பெருசா இருக்கு" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் புருஷன், "பேப்பர்ல வந்துச்சே, அந்த நாய்தானே இது? இதுவும் இருபத்தஞ்சு பவுண்டுன்னுதானே வித்தீங்க?" என்று கேட்டான். அவன் சண்டைக்குக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டான். ஆனால் அவர்கள் குட்டியை வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் பட்டனைப் பின்கொட்டகைக்கு மாற்றினேன். முதலில் பார்வைக்கு மறைவாக இருக்கட்டும் என்றுதான். பிறகு, நாய் கொஞ்சம் இளைத்தால் வெளியே விடலாம், வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று தோன்றியது. அரைக் கப்பில் தொடங்கினேன். அவளுக்குப் பழகிய அளவுதான். கொல்ல வேண்டும் என்ற எண்ணமே எனக்கு இருந்ததில்லை. இறந்த நாயால் எனக்கு என்ன பிரயோஜனம்?

ஆரம்பத்தில் குரைத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

ட்வைலாவுக்குக் கொட்டகையில் வேலை கிடையாது. போன வாரம் மண்வெட்டி தேடி உள்ளே போயிருக்கிறாள். திரும்பி வந்து இந்தச் சமையலறையில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள படுத்திருக்கிறது பட்டன்தானேக்கா."

"ஆமா."

"டெக்சாஸ்ல ஒரு வீட்டுக்குக் குடுத்துட்டேன்னு சொன்ன."

"குடுக்கத்தான் போறேன். கொஞ்சம் எறங்கட்டும்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பெரியவருக்குக் காது நல்லாத்தான் கேட்டிருக்கு," என்றாள். "நீ ஸ்பீக்கர்ல போட்டுத்தானேக்கா பேசுவ. நானும்தானே கேட்டுக்கிட்டு இருந்தேன். அரை, அரைன்னு எத்தன தடவ சொன்ன. நீ எங்கக்காங்கறதால கோர்ட்டுக்குப் போகாம வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

"இப்போ மட்டும் எதுக்குத் தொறக்கிற?"

"அவரு போயிட்டாருக்கா. நேத்து. படுக்கையிலயே. வாரக் கணக்கா சாப்பாட்டத் தொடலையாம். பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டுபோய் வெச்சதெல்லாம் வாசல்லயே காஞ்சு கெடந்துச்சாம்."

நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போனாரா என்று கேட்டேன்.

"முதல்ல கேக்குறதே அதுவாக்கா," என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். உங்களை அழைத்தது அவள்தான் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. இனி கூண்டு கழுவ யாரைத் தேடுவது என்றுதான் அன்று யோசித்தேன். இப்போது அந்தக் கவலையும் போய்விட்டது.

வேறு எத்தனை பேருக்கு இதைச் சொன்னீர்கள் என்று கேட்கிறீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். எல்லோரும் நல்லவர்கள், நாய்மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள். அவர்களை ஒன்றும் செய்யாதீர்கள். இன்றைக்கும் மத்தியானம் கோப்பையால் அளந்து போட்டிருப்பார்கள். நாய் தட்டை நக்கும்போது, இது பசி இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பெண் கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டாள் போலிருக்கிறது. பட்டன் எழுந்து நடக்காவிட்டால் தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். உயரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கனமே இருக்காது.

பெட்டிக்ரூ தவறாகக் கேட்டாரா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். தெரியும். இல்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட அவர் தவறாகக் கேட்கவில்லை. அரைக் கப் என்றுதான் சொன்னேன். பொய்ச்சாட்சி சொன்னதும் நான்தான். இரண்டு பேரையும் பட்டினி போட்டது நான்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அதில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். நாயைப் பிடித்துக்கொண்டு போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் அவர் கூப்பிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு முட்டை வேகவைத்திருந்தாராம். பட்டன் வந்து அவர் முழங்கால்மேல் தலையை வைத்துக்கொண்டதாம்.

"பாதி முட்ட குடுக்கட்டுமாம்மா? மஞ்சக் கரு வேணாம். வெள்ள மட்டும். இன்னிக்கு ஒரு நாளைக்கு."

அவர் பேசும்போதே பின்னால் ஒரு சத்தம் கேட்டது. நாய் வளர்க்கிறவர்களுக்கு அது தெரியும். காலித் தட்டை நக்க நக்க, தட்டு தரையில் நகர்ந்துகொண்டே போகும் சத்தம். அவர் சமையலறை பெரியதில்லை போலிருக்கிறது. சுவரில் இடித்து நின்றது. பிறகு திரும்பவும் நகர்ந்தது.

வேண்டாம், வயிற்றைக் கெடுத்துவிடும் என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அவர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். இரண்டாவது தடவை கேட்டு நான் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை.